வீதியோரம் நின்றவர்கள்

எமது கல்லூரியின் பழைய சஞ்சிகைகளைப் புரட்டினால், இல்ல மெய்வல்லுநர் போட்டி பற்றிய அறிக்கை ஆண்டுதோறும் ஒரே ஒழுங்கில் இருப்பதைக் காணலாம். எந்த இல்லம் முதலிடம், எவர் சம்பியன், பிரதம விருந்தினர் யார், பரிசில்களை வழங்கியவர் யார் என்பன வரிசையாக வரும். கடைசி வரியில், “உதவிய அனைவருக்கும் நன்றி” என்று அறிக்கை முடியும். அந்த “அனைவரும்” எவர், அவர்கள் செய்தது என்ன என்பதை இந்த நூற்றாண்டு மலரில் எழுத விரும்புகிறோம். ஏனெனில் நாங்களும் அவர்களுள் இருந்தோம்.

எங்கள் காலத்தில் அயலிலுள்ள ஆண்கள் கல்லூரியின் மரதன் ஓட்டம் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் படலையைக் கடந்து போகும். பெண் சாரணியரும் முதலுதவிப் படையினரும் சந்தியில் நிற்போம். இரண்டு வாளி தண்ணீர், ஒரு பெட்டி குளுக்கோஸ், வெட்டிய தேசிக்காய், வீட்டிலிருந்து கொண்டுவந்த பேணிகள். கடைசிப் பெடியன் போகும்வரை நின்றுவிட்டு, பேணிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்புவோம். எங்களுக்கு முன் அக்காமார் நின்றார்கள். அவர்களுக்கு முன் சில தோழியரின் அம்மாமாரும் அதே சந்தியில் நின்றிருக்கிறார்கள்.

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது எம்மவர்க்குப் புதிதல்ல. நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், சந்நிதிக்கு நடந்து போகும் வழியிலும் தாகசாந்தி நிலையம் அமைத்து மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பது ஊர் வழக்கம். வழிப்போக்கருக்காகச் சுமைதாங்கியும் கேணியும் மடமும் அமைத்த மரபு அது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தண்ணீர்ப் பந்தலில் இன்று மோர் ஊற்றுபவர் நாளை தானும் சந்நிதிக்கு நடக்கலாம். மரதன் ஓட்டத்தில் எங்களுக்கு அந்த “நாளை” இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் ஓடியதெல்லாம் மைதானத்துக்குள் மட்டுமே. வீதியில் எங்கள் இடம் ஓரத்தில்தான் இருந்தது.

உலகின் பிற இடங்களிலும் நெடுநாள் இதே கதைதான். 1904 ஆம் ஆண்டு சென்ற் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதனை எடுத்துக்கொள்வோம். கடும் வெயிலில், புழுதி வீதியில், பிற்பகலில் ஓட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் குடிதண்ணீர் கிடைத்தது ஓரிரு இடங்களில் மட்டுமே. 32 பேர் தொடங்கினார்கள். 14 பேர் மட்டுமே முடித்தார்கள். முதலிடம் பெற்ற தோமஸ் ஹிக்ஸுக்குக் கூட வந்த உதவியாளர்கள் வழியில் கொடுத்தது பிராந்தியும், முட்டை வெள்ளைக் கருவும், ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சும். நல்லெண்ணம் இருந்தது, அறிவு இருக்கவில்லை.

நான்கு ஆண்டுகளின் பின், 1908 இல் இலண்டனில், இத்தாலியரான டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்தார். திசை தவறி ஓடினார், பல தடவை விழுந்தார். அலுவலர்களும் வைத்தியரும் அவரைத் தூக்கி நிறுத்தி எல்லைக்கோட்டைக் கடக்க உதவினார்கள். அந்த உதவியே அவரது முதலிடத்தைப் பறித்தது. பதக்கம் பின்னால் வந்த ஜோனி ஹேய்ஸுக்குப் போனது. மறுநாள் அலெக்சாண்ட்ரா மகாராணி பியெத்ரிக்கு ஒரு கிண்ணம் வழங்கினார்.

இந்த இரண்டு ஓட்டங்களிலும் விழுந்தவர்கள் ஆண்கள். ஆனாலும் ஆண்களிடமிருந்து மரதனை எவரும் பறித்துவிடவில்லை. 1928 இல் அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீற்றர் ஓடினார்கள். இறுதிப் போட்டியில் ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். முதலிடம் பெற்ற ஜேர்மனியின் லீனா ரட்கே உலக சாதனையும் நிலைநாட்டினார். ஆனால் பெண்கள் கொத்தாகச் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. பெண் உடலுக்கு இத்தூரம் ஆகாது என்றார்கள். அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் மீண்டும் இடம்பெற 1960 வரை, 32 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. 1967 இல் பொஸ்ரன் மரதனில் இலக்கம் அணிந்து ஓடிய கத்தரின் சுவிற்சரை நடுவழியில் ஓர் அலுவலர் பிடித்திழுத்து, அந்த இலக்கத்தைப் பிய்க்க முயன்றார். அவர் ஓடி முடித்தார். பெண்களைப் பொஸ்ரன் முறைப்படி ஏற்றுக்கொண்டது 1972 இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் 1984 இல்தான் வந்தது.

இந்த வரலாறு எங்களுக்குப் பின்னாளில் வாசித்துத் தெரிந்தது. ஆனால் வாசிக்கும்போதே, இதை நாங்கள் ஏற்கெனவே எங்கள் ஒழுங்கையில் பார்த்துவிட்டோம் என்ற எண்ணம் வந்தது. அதைச் சொல்லவேண்டும்.

1995 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில மாதங்கள் போர்நிறுத்தம் இருந்தது. அந்த அமைதியில் மேல் வகுப்பு அக்காமார் துணிந்து ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். இந்த முறை நாங்களும் வீதியில் ஓடவேண்டும். நீண்ட யோசனைக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர். கல்லூரியே அதைப் பற்றிப் பேசியது. தெரிவுசெய்யப்பட்டவர்கள் ஒரு மாதமாக விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். நாங்கள் ஓடவில்லை. எங்களுக்கு வயது போதாது. வழக்கம்போல் வாளியோடு நின்றோம், ஆனால் இந்த முறை எங்கள் அக்காமாருக்காக.

காலை ஆறரைக்குத் தொடங்கவேண்டிய ஓட்டம் ஒன்பதரைக்குத்தான் தொடங்கியது. தொடக்கி வைக்க வரவேண்டியவர் பிந்திவிட்டார். பங்குனி வெயில். பிள்ளைகள் மூன்று மணித்தியாலமாக வெயிலில் அணிவகுத்து நின்றார்கள். தண்ணீர் வைத்திருந்த இடம் முழுப் பாதைக்கும் ஒன்றே ஒன்று, எங்களுடையது. அதைத் தாண்டினால் முடிவிடம் வரை எதுவுமில்லை.

கடைசிக் கிலோமீற்றரில் ஓர் அக்கா ஓடுவதை விட்டு நடக்கத் தொடங்கினார். வாளியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போனோம். ஏதோ கேட்டோம். தன் இல்லத்தின் பெயரையே மாற்றிச் சொன்னார். பகிடி விடுகிறார் என்று சிரித்தோம். சில அடி தூரத்தில் அவர் விழுந்தார். உடல் நெருப்பாய்க் கொதித்தது.

வாகனம் இல்லை. எரிபொருள் கிடைக்காத காலம் அது. சைக்கிளில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று ஆளுக்காள் பதறினோம். அப்போது வேலிக்கு அப்பால் இருந்து ஓர் அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். “ஆசுப்பத்திரிக்குப் பிறகு போகலாம் பிள்ளையள், முதல்ல தண்ணியை அள்ளுங்கோ” என்றார். அக்காவைத் தூக்கிக் கிணற்றடி வாழைகளின் நிழலில் கிடத்தினோம். ஒருவர் மாறி ஒருவர் துலாவில் தண்ணீர் அள்ள, அந்த அம்மா தலை முதல் கால் வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒருவர் தன் தாவணியை நனைத்து வீசினார். கொஞ்ச நேரத்தில் அக்கா கண் திறந்து, “ஏன் என்னை நனைக்கிறியள்?” என்று கேட்டார். அதன் பிறகே ஆசுப்பத்திரி. மறுநாள் வீடு திரும்பினார். இன்று அவர் வெளிநாட்டில் தன் பிள்ளைகளோடு நலமாக இருக்கிறார். இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறோம்.

அடுத்த கிழமையே, “பொம்பிளைப் பிள்ளையளுக்கு உது தேவையோ?” என்ற கேள்வி எழுந்துவிட்டது. பிந்தித் தொடங்கியதையோ, ஒரேயொரு வாளி இடத்தையோ எவரும் பேசவில்லை. அந்த ஆண்டு ஐப்பசி முடிவில் குடாநாடே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது கேட்கவும் வேறு காரியங்கள் இருந்தன. நாங்கள் கல்லூரியை விட்டு வெளியேறும்வரை பெண்களின் வீதி ஓட்டம் மீண்டும் நடக்கவில்லை. எங்கள் அம்ஸ்ரர்டாம் அதுதான். தவறு ஓடியவர்களின் உடலில் இருக்கவில்லை, வீதியோரத்தில் இருந்தது. அந்த வீதியோரத்தில் நின்றவர்கள் நாங்கள்.

எங்களில் சிலர் பின்னர் வைத்தியர்களானோம். அந்த அம்மா செய்தது என்ன என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டோம். ஓடுபவருக்கு வரும் வெப்பத்தாக்கில் உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். எவ்வளவு நேரம் அவ்வெப்பம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு மூளைக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. ஆகவே முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவின் ஃபல்மவுத் நகரில் ஓகஸ்ட் வெயிலில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் வீதி ஓட்டம் நடக்கிறது. அங்கே முடிவிடத்தில் பனிக்கட்டித் தண்ணீர் நிரப்பிய தொட்டிகளோடு மருத்துவத் தொண்டர்கள் காத்திருப்பார்கள். 18 ஆண்டுகளில் அவர்கள் கையாண்ட 274 வெப்பத்தாக்குகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. பனிக்கட்டிக்கு வழியில்லாத ஊரில் அந்த அம்மாவிடம் கிணறு இருந்தது. அது போதுமாயிருந்தது.

இல்லத்தின் பெயரை மாற்றிச் சொன்னதுதான் அபாய மணி என்பதையும் பிறகே அறிந்தோம். 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸில், முதலாவது பெண்கள் ஒலிம்பிக் மரதனில், சுவிற்சர்லாந்தின் கப்ரியேலா அண்டர்சன் ஷீஸ் கடைசிச் சுற்றைத் தள்ளாடியபடியே நடந்தார். வைத்தியர்கள் அருகில் வந்தார்கள். தொடவேண்டாம் என்று அவர் விலகினார். அவருக்கு வியர்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு வைத்தியர்கள் கூடவே நடந்தார்களே தவிரப் பிடிக்கவில்லை. அவர் 37 ஆவதாக முடித்தார், இரண்டு மணித்தியாலத்தில் எழுந்து நடந்தார். பியெத்ரியின் கதை நினைவில் இருந்தால் இந்தப் பொறுமையின் அருமை புரியும். எனினும் இன்று நாங்கள் வியர்வையை மட்டும் நம்புவதில்லை. வெப்பத்தாக்கிலும் வியர்க்கலாம். பேச்சும் புத்தியும் தடுமாறினால் ஓட்டம் அங்கேயே முடிகிறது. அந்த முடிவை எடுப்பவர் ஓடுபவர் அல்லர், பக்கத்தில் நிற்பவர்.

தண்ணீர் கொடுப்பதிலும் அளவு உண்டு. 2002 இல் பொஸ்ரன் மரதன் முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 வீதத்தினருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. தாகத்துக்கு மேல் குடித்ததே முக்கிய காரணம். “குடி, குடி” என்று வற்புறுத்தாமல், கேட்பவருக்குக் கொடுப்பதே நல்ல தொண்டு.

இலண்டனில் வாழும் தோழியர் சனிக்கிழமை காலைகளில் பூங்காவுக்குப் போவதைப் பற்றி எழுதுவார்கள். 2004 ஒக்ரோபர் 2 ஆம் திகதி புஷி பூங்காவில் 13 பேர் ஓட, ஒரு சிலர் நேரம் குறிக்கத் தொடங்கியதே இன்றைய பார்க்ரன். ஐந்து கிலோமீற்றர், கட்டணம் இல்லை, நடத்துபவர்கள் அனைவரும் தொண்டர்கள். ஆரம்பத்தில் இலக்கம் பொறித்த இரும்பு வாசர்களையே முடிவிடத்தில் ஓடியவர் கையில் கொடுத்தார்களாம். அங்கே எங்களைக் கவர்ந்தது இரண்டு விடயங்கள். ஒன்று, எல்லோருக்கும் பின்னால் நடந்துவர ஒரு தொண்டர் இருப்பார். ஆகவே ஓடவந்த எவரும் கடைசி ஆள் ஆவதில்லை. மற்றது, ஓடியவர் பெயரோடு தொண்டர் பெயரும் பதிவாகும். இந்தக் கிழமை ஓடியவர் அடுத்த கிழமை கொடி பிடிப்பார், கொடி பிடித்தவர் ஓடுவார். தண்ணீர்ப் பந்தலுக்கு இருந்த அந்த “நாளை” அங்கே உண்டு.

இன்று எமது கல்லூரிப் பிள்ளைகள் வீதியில் ஓடுகிறார்கள். இந்த நூற்றாண்டு ஆண்டிலும் ஓடப்போகிறார்கள். பழைய மாணவிகள் உலகெங்குமிருந்து நிதி அனுப்புகிறீர்கள். கல்லூரி அதை மறவாது. ஆனால் அந்த நாட்களில் ஊருக்கு வரக்கூடியவர்கள் இரண்டு மணித்தியாலம் வந்து நில்லுங்கள் என்று கேட்கிறோம். திருப்பத்தில் கொடியோடு ஒருவர். ஒவ்வொரு கிலோமீற்றரிலும் வாளியோடு இருவர். எல்லோருக்கும் பின்னால் நடந்துவர ஒருவர். கடைசிக் கிலோமீற்றரில், நிழலில், தண்ணீர்த் தொட்டியோடு நாங்கள் நிற்போம். பிரதம விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் வெயில் ஏறுமுன் ஓட்டம் தொடங்கவேண்டும் என்று கேட்டு அதிபருக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறோம்.

வர முடியாதவர்கள் உங்கள் ஊரில் நடக்கும் ஏதாவதொரு ஓட்டத்தில் ஒரு காலை நில்லுங்கள். அங்கே ஒரு பிள்ளை தன் பெயரை மாற்றிச் சொன்னால் சிரிக்காமல் நிறுத்துங்கள்.

படலையைத் திறந்துவந்த அந்த அம்மா இன்று இல்லை. இடப்பெயர்வுக்குப் பின் அந்த வளவுக்குப் போனபோது கிணறு இருந்தது, துலா இருக்கவில்லை. எந்தச் சஞ்சிகை அறிக்கையிலும் இடம்பெறாத அவருக்கு, “உதவிய அனைவருக்கும்” என்று பொதுவில் சொல்லாமல், இம்மலரில் தனியே நன்றி சொல்கிறோம்.