புரோகிரசிவ் ராக்

புரோகிரசிவ் ராக் 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவாகி, 1970களின் முற்பாதியில் உச்சத்தைத் தொட்ட ராக் இசை வகை. மூன்று நிமிடப் பாட்டு, நான்கு எண்ணிக்கைத் தாளம், திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்ற கட்டை உடைத்து, மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ், ஆங்கில நாட்டுப்பாடல் ஆகியவற்றின் வடிவங்களை ராக்குக்குள் கொண்டுவந்தது. ரசிகர்கள் சுருக்கமாக ‘ப்ராக்’ என்பார்கள். அதே சொல்லைப் பத்திரிகைகள் நெடுங்காலம் கேலியாகவே பயன்படுத்தின.

இந்த வகையின் வரலாற்றை இசைக்குழுக்களை மட்டும் வைத்து எழுதினால் பாதிதான் கிடைக்கும். 1970களின் முடிவில் வானொலியும் பத்திரிகைகளும் இதைக் கைவிட்டன. அதன் பிறகு எது முக்கியமான ஆல்பம், எதை முதலில் கேட்க வேண்டும், எந்தக் குழு மறக்கப்படக் கூடாது என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானித்தவர்கள் கேட்டவர்களே.

தட்டும் நீளமும்

ப்ராக் ரசிகர் ஒருவரிடம் பிடித்த பாட்டைக் கேட்டால் ஆல்பத்தின் பெயரைத்தான் சொல்வார். காரணம் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி. தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948-இல் அறிமுகப்படுத்தியது. அதன் ஒரு பக்கத்தில் 20 நிமிடம் சொச்சம் நல்ல ஒலியோடு பதியலாம். அதற்கு மேல் போனால் தட்டின் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி தணியும், பேஸ் மெலியும். இந்த வரம்பையே இசைக்குழுக்கள் வடிவமாக்கிக்கொண்டன. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் ‘டார்கஸ்’ (1971), யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ (1972), கனடாவின் ரஷ் குழுவின் ‘2112’ (1976) ஆகிய மூன்றும் தட்டின் ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும் பாட்டுகள்.

ஜெத்ரோ டல் இன்னும் ஒரு படி மேலே போனது. அவர்களுடைய ‘அக்வாலங்’ தட்டை விமர்சகர்கள் ஒரே கருவைச் சுற்றிய ஆல்பம் என்று எழுத, குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன் அதை மறுத்தார். பிறகு, உங்களுக்கு அதுதான் வேண்டுமென்றால் இந்தாருங்கள் என்பதுபோல் 1972-இல் ‘திக் அஸ் எ பிரிக்’ வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு. உறையே கற்பனை ஊர் ஒன்றின் செய்தித்தாள், உள்ளூர்ச் செய்திகளோடு பல பக்கங்களுக்கு விரிந்தது. கிண்டலாகச் செய்த தட்டு அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கிண்டலை எத்தனை பேர் கவனித்தார்கள் என்பது வேறு கதை.

ஓசையும் கணக்கும்

இந்த இசையின் அடையாள ஓசை மெலோட்ரான் என்னும் கீபோர்டிலிருந்து வருகிறது. பர்மிங்ஹாமில் செய்யப்பட்ட கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா உண்டு. கட்டையை அழுத்தினால் முன்பே பதிவுசெய்த வயலின் குழுவோ புல்லாங்குழலோ கோரஸோ ஒலிக்கும். ஏறத்தாழ எட்டு வினாடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்துத்தான் மறுபடி அழுத்த வேண்டும். மேடையில் அது சுருதி பிசகித் தொல்லை கொடுத்தது. ஆனாலும் அந்த லேசான தள்ளாட்டத்துக்காகவே இன்றைக்கும் அதைத் தேடுகிறார்கள். ஹாமண்ட் ஆர்கனும் மூக் சிந்தசைசரும் அதற்கு அடுத்த இடத்தில் இருந்தன.

தாளத்தைப் பொறுத்தவரை, மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு எண்ணிக்கை ஒன்றும் அதிசயமில்லை. ராக் உலகில் அது அபூர்வம். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (1973) ஏழில் நடந்துகொண்டே அமெரிக்காவில் ஹிட் ஆனது. அதிலும் கிதார் தனி தொடங்கியதும் தாளம் நான்குக்கு இறங்கிவிடுகிறது. ஜெனிசிஸ் குழுவின் ‘சப்பர்ஸ் ரெடி’ (1972) பாட்டின் இறுதிப் பகுதி ஒன்றில் பேஸும் டிரம்ஸும் 3+2+4 என்று பிரித்த ஒன்பதில் நிற்க, டோனி பேங்க்ஸின் ஆர்கன் அதைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் போகிறது. நம் கச்சேரியில் பொதுவாக ஒரு கீர்த்தனை முழுதும் தாளம் நிலையாக நிற்கும், கணக்கு அதற்குள் விளையாடும். ப்ராக்கில் தாளமே நடுவழியில் மாறும். முதல்முறை கேட்பவர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1969 முதல் 1974 வரை

மூடி ப்ளூஸ் 1967-இல் ஆர்கெஸ்ட்ராவோடு வெளியிட்ட ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’, அதே ஆண்டின் பீட்டில்ஸ் ஆல்பமான ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆகியவை வழி காட்டின. இருந்தாலும் தொடக்கப் புள்ளி எதுவென்று கேட்டால் பெரும்பாலோர் காட்டுவது 1969 அக்டோபரில் வந்த கிங் கிரிம்சனின் ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’. அந்த ஆண்டு ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவச நிகழ்ச்சியில், ஆல்பம் எதுவும் வெளியிடாத நிலையிலேயே இந்தக் குழு பெருங்கூட்டத்தின் முன் வாசித்துவிட்டது. தட்டின் உறையில் அலறும் முகத்தை வரைந்த பேரி காட்பர் தொழிலால் கம்ப்யூட்டர் புரோகிராமர். தட்டு வெளிவந்த சில மாதங்களில், 24 வயதில், இறந்துபோனார்.

அடுத்த ஐந்தாண்டுகளில் வந்தவற்றின் அடர்த்தி வியப்பூட்டும். யெஸ், ஜெனிசிஸ், ஜென்டில் ஜயன்ட் ஆகியவை ஒரு பக்கம். கேன்டர்பரி நகரைச் சுற்றி வளர்ந்த சாஃப்ட் மெஷின், காரவன் போன்ற ஜாஸ் சாயலும் நகைச்சுவையும் கொண்ட குழுக்கள் இன்னொரு பக்கம். பிரான்சின் மக்மா குழுவுக்காக அதன் டிரம்ஸ் கலைஞர் கிறிஸ்டியன் வாண்டர் கோபையன் என்றொரு மொழியையே உருவாக்கி, அதில் பாட வைத்தார்.

இத்தாலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் ‘பான் ஹார்ட்ஸ்’ (1971) பிரிட்டனில் பட்டியலில்கூட ஏறவில்லை, இத்தாலியில் முதலிடம். ஜெனிசிஸும் சொந்த நாட்டில் பெரிதாக அறியப்படும் முன்பே அங்கே கொண்டாடப்பட்டது. ஓபராவில் ஊறிய நாட்டுக்கு நாடகத்தன்மையும் நீளமும் அந்நியமாகத் தெரியவில்லை என்பது ஏற்கத்தக்க விளக்கம். இந்த ரசனையிலிருந்து பி.எஃப்.எம்., பாங்கோ, லே ஓர்மே, ஆரெயா என்று சொந்தக் குழுக்களும் கிளம்பின. பி.எஃப்.எம்.-இன் ‘ஸ்டோரியா டி உன் மினுட்டோ’வும் பாங்கோவின் முதல் ஆல்பமும் 1972-இல் வந்தன. பாங்கோ தட்டின் உறை உண்டியல் வடிவில் வெட்டப்பட்டிருந்தது.

டேல்ஸ் தகராறு

ப்ராக் ரசிகர்களைச் சண்டைக்கு இழுக்க வேண்டுமானால் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்ற பெயரைச் சொன்னால் போதும். யெஸ் குழு 1973-இல் வெளியிட்ட இந்த இரட்டை ஆல்பத்தில் நான்கே பாட்டுகள், பக்கத்துக்கு ஒன்று. பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதை’யில், இந்து சாஸ்திரங்களின் நான்கு வகைகளைக் குறிப்பிடும் ஓர் அடிக்குறிப்பு பாடகர் ஜான் ஆண்டர்சனின் கண்ணில் பட்டது. அந்த அடிக்குறிப்பே 80 நிமிட இசைக்கு அடித்தளமானது. கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனுக்கு இதில் மனம் ஒட்டவில்லை. மான்செஸ்டர் மேடையில், அந்த இசை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கறி வரவழைத்துச் சாப்பிட்ட கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1974-இல் குழுவை விட்டு விலகினார்.

தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. விமர்சகர்கள் இதை வீண் ஆடம்பரத்துக்கு உதாரணமாக்கினார்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் விட்டுக்கொடுக்காத ரசிகர்களிலும் பலர், நடுவில் உள்ள இரண்டும் நீட்டிப் போகின்றன என்று ஒப்புக்கொள்வார்கள். அது நியாயமான தீர்ப்புதான்.

சரிவு பற்றிய கதை

1976–77-இல் பங்க் ராக் வந்து ப்ராக்கைக் கொன்றது என்பது வழக்கமான கதை. தேதிகள் அதற்கு முழுதாக ஒத்துழைக்கவில்லை. ராபர்ட் ஃப்ரிப் கிங் கிரிம்சனைக் கலைத்தது 1974-இல். பாடகர் பீட்டர் கேப்ரியல் ஜெனிசிஸை விட்டுப் போனது 1975-இல். மறுபுறம், பங்க் உச்சத்தில் இருந்த 1977-இல் யெஸ் குழுவின் ‘கோயிங் ஃபார் தி ஒன்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ‘ஐ ஹேட் பிங்க் ஃபிளாய்ட்’ என்று எழுதிய பனியனோடு அறியப்பட்ட செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜான் லைடன், அதே ஆண்டு ஜூலையில் லண்டன் கேபிடல் ரேடியோவில் தனக்குப் பிடித்த இசையை ஒலிபரப்பியபோது, அதில் வான் டெர் கிராஃபின் பீட்டர் ஹேமிலும் இருந்தார். பெரிய அரங்குகளுக்கு ஏறிய செலவு, பாட்டு சிறிதாக வேண்டும் என்ற நிறுவனங்களின் அழுத்தம், கலைஞர்களின் சோர்வு ஆகியவையும் பங்க் இசைக்கு இணையாகக் கணக்கில் வர வேண்டும். யெஸ், கிங் கிரிம்சன், எமர்சன் லேக் அண்ட் பாமர் ஆகியவற்றின் முன்னாள் கலைஞர்கள் சேர்ந்த ஏசியா குழு, 1982-இல் சிறு பாட்டுகளோடு வந்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் அமர்ந்தது. பழைய ரசிகர்களில் பலர் அதை மன்னிக்கவே இல்லை.

ரசிகர் கையில்

1980களில் மரில்லியன், ஐ.க்யூ., பென்ட்ராகன் போன்ற குழுக்கள் ‘நியோ ப்ராக்’ என்ற பெயரில் எழுந்தன. மரில்லியனின் ‘மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்’ 1985-இல் பிரிட்டனில் முதலிடம் வரை சென்றது. பத்தாண்டு கழித்து அதே குழுவுக்கு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பணமில்லை. 1997-இல் அமெரிக்க ரசிகர்களே கணக்குத் தொடங்கி ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். இதைப் பார்த்த குழு, 2001-இல் வெளியான ‘அனோராக்னோஃபோபியா’ ஆல்பத்தைப் பதிவுசெய்யும் முன்பே ரசிகர்களிடம் முன்பணம் கேட்டது. 12,000-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். கூட்டுநிதி தளங்கள் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய நிகழ்வு இது.

அமெரிக்காவில் ரசிகர்கள் நடத்திய நியர்ஃபெஸ்ட் விழா 1999-இல் பென்சில்வேனியாவில் தொடங்கி 2012 வரை நடந்தது. மறக்கப்பட்ட குழுக்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றியது அதன் தனிச்சிறப்பு. ஸ்வீடனின் ஆங்லகார்ட், பழைய மெலோட்ரானை மறுபடி தூசி தட்டி ‘ஹிப்ரிஸ்’ (1992) ஆல்பத்தைச் செய்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ட்ரீம் தியேட்டர் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ மூலம் மெட்டலையும் ப்ராக்கையும் இணைத்துப் புதிய தலைமுறையைக் கொண்டுவந்தது. ஸ்டீவன் வில்சனின் பார்குபைன் ட்ரீ, உண்மையில் இல்லாத ஒரு பழைய குழுவுக்குக் கற்பனை வரலாறு எழுதும் விளையாட்டாக 1987-இல் தொடங்கியது. அந்த விளையாட்டுக்காரரே பின்னாளில் கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல் ஆகியவற்றின் மூலப் பதிவுநாடாக்களை மறுகலவை செய்யும் பொறுப்பை ஏற்றார்.

எதிலிருந்து தொடங்குவது

புதியவருக்கு எதைக் கொடுப்பது என்பது ரசிகர்களுக்குள் ஓயாத விவாதம். பெரும்பாலும் முதலில் வருவது பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973). அது ப்ராக்கே இல்லை என்பவர்களும் உண்டு. தாளத்தில் சிக்கலோ வித்தை காட்டும் வாசிப்போ அதில் குறைவு என்பது அவர்கள் வாதம். அடுத்து கிரிம்சனின் முதல் தட்டு, யெஸ்ஸின் ‘ஃபிராஜைல்’ (1971), ஜெனிசிஸின் ‘செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்’ (1973). மெல்லிசைப் பிரியருக்குக் காரவனின் ‘இன் தி லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்’ (1971) நல்ல வாசல். மக்மாவையும் வான் டெர் கிராஃபையும் முதல் நாளே கொடுப்பது ஆளை விரட்டும் வழி. கேப்ரியல் கால ஜெனிசிஸா, அவருக்குப் பின் பாடிய ஃபில் காலின்ஸ் காலமா என்ற கேள்வியைக் கூடியவரை தள்ளிப்போடுவது நல்லது.

கர்நாடக இசை கேட்பவருக்கு வேறொரு பாதையும் இருக்கிறது. வீணையை எஸ். ராமநாதனிடம் பயின்ற கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, ப்ராக்கின் எல்லையில் நிற்கும் ஜாஸ்-ராக் குழு. ‘தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்’ (1971) அதன் முதல் ஆல்பம். பின்னர் அவர் எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் சக்தி குழுவில் சேர்ந்து வாசித்தார். பெங்களூரின் அகம் குழு கர்நாடகக் கிருதிகளை மின்கிதாருடனும் டிரம்ஸுடனும் பாடி, தன்னைக் கர்நாடக புரோகிரசிவ் ராக் குழு என்றே அழைத்துக்கொள்கிறது. அதன் முதல் ஆல்பம் ‘தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்’ 2012-இல் வெளிவந்தது.