பணம் வேண்டாம், பெயர் போடுங்கள்

ஜெராக்ஸ் என்றாலே நமக்குத் தெருமுனைக் கடைதான் ஞாபகம் வரும். 1980களில் அந்த நிறுவனத்தின் டெக்னீஷியன்களோடு சுற்றி ஆராய்ந்தவர் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு வேளையில் கதை பேசியே தீர்த்துக்கொண்டார்களாம். பார்ப்பவருக்கு வெட்டிப்பேச்சு! 1996-ல் அதைப் புத்தகமாக்கினார்.

1990களில் இந்த அனுபவ அறிவைச் சேமிக்க பிரான்சில் 'யுரேகா' என்ற கணினித் தொகுப்பு வந்தது. ஒருவர் யோசனை எழுதுவார், தேர்ந்தவர்கள் சரிபார்ப்பார்கள், பிறகு எல்லோருக்கும் போகும். யோசனைக்குப் பணம் தரலாமா என்றபோது டெக்னீஷியன்கள் மறுத்துவிட்டார்கள். காசு வந்தால் தரம் போய் எண்ணிக்கைதான் பெருகும் என்ற பயம். எழுதியவர் பெயர் கூடவே இருந்தால் போதும் என்றார்கள், அப்படியே ஆனது.

என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, மார்க்கும் வாங்கியவர்களை நினைத்துக்கொண்டேன்.