கம்பெனி இயக்குநரின் வரித் திட்டமிடல்

பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஈட்டும் லாபம் அதை நடத்தும் இயக்குநரின் கைக்கு எந்த வழியில், எந்த ஆண்டில், எவ்வளவு வர வேண்டும் என்பதைச் சட்டத்துக்கு உட்பட்டு முன்கூட்டியே முடிவு செய்வது இயக்குநரின் வரித் திட்டமிடல் எனப்படும். சட்டத்தின் பார்வையில் கம்பெனி ஓர் ஆள், இயக்குநர் வேறோர் ஆள். இருவருக்கும் பான் எண் தனி, வரி விகிதம் தனி, ரிட்டர்னும் தனி. களமருதூர், உளுந்தூர்பேட்டை, சின்னசேலம் வட்டாரங்களில் அரிசி ஆலையோ ஜவ்வரிசி ஆலையோ குடும்பமாக நடத்துபவர்கள் கம்பெனி தொடங்கும்போது பெரும்பாலும் அண்ணன் தம்பியோ கணவன் மனைவியோதான் இயக்குநர்களும் பங்குதாரர்களும் ஆகிறார்கள். ஆலைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பெட்டியில் புழங்கிய பழக்கம் கம்பெனி வந்த பிறகும் நீடிப்பதுதான் இங்கே பெரும்பாலான வரிச் சிக்கல்களுக்கு வேர்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கீழே வரும் பிரிவு எண்கள் பழைய சட்டத்தின் எண்கள். ஆடிட்டர்கள் இன்னும் அந்த எண்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

சம்பளமும் ஈவுத்தொகையும்

2020 மார்ச் வரை ஈவுத்தொகைக்கான வரியைக் கம்பெனியே கட்டியது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் அது பங்குதாரரின் வருமானத்தில் சேர்ந்து, அவருடைய விகிதத்தில் வரிக்கு உட்படுகிறது. இதனால் சிறு கம்பெனிகளின் கணக்கே மாறிப்போனது. சம்பளம் கம்பெனிக்குச் செலவு. அதைக் கழித்த பிறகுதான் லாபம் கணக்கிடப்படும். ஈவுத்தொகையோ வரி கட்டிய லாபத்திலிருந்து கொடுக்கப்படுவது, வாங்கும் கையிலும் மறுபடி வரி கட்ட வேண்டியது.

ஓர் எடுத்துக்காட்டு. இயக்குநர் சம்பளத்துக்கு முன் கம்பெனியின் லாபம் 20 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். குறைந்த வரி விகிதம் தரும், 2019 செப்டம்பரில் வந்த 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து விகிதம் 25.168%. முழு லாபத்துக்கும் வரி கட்டினால் ஏறத்தாழ 5.03 லட்சம் போகும். மீதி 14.97 லட்சத்தை ஒரே பங்குதாரர் ஈவுத்தொகையாக வாங்கினால், புதிய வரி முறையில் (2025-26 அடுக்குகள்) இன்னும் 1.09 லட்சம். ஆக மொத்தம் 6.12 லட்சம். அதே 20 லட்சத்தை ஒருவருக்குச் சம்பளமாகக் கொடுத்தால், 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, வரி 1.92 லட்சம். உண்மையில் வேலை பார்க்கும் இரண்டு இயக்குநர்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சமாகக் கொடுத்தால், வேறு வருமானம் இல்லாத நிலையில், 87ஏ தள்ளுபடியால் இருவருக்கும் வரியே இல்லை.

லாபம் பெருகப் பெருக இந்தச் சாதகம் குறையும். சம்பளம் முப்பது சதவீத அடுக்கைத் தொட்டபின் செஸ்ஸோடு 31.2% ஆகிறது. அதைவிடக் கம்பெனியிலேயே 25.168% வரி கட்டி, பணத்தை இயந்திரத்திலோ கிடங்கிலோ போடுவது மேல். இயக்குநரின் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் கம்பெனி செலுத்தும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14% வரை புதிய வரி முறையிலும் கழிவு உண்டு. இதைப் பயன்படுத்தாமல் விடுகிறவர்கள் நிறைய.

சம்பளம் என்றால் போர்டு தீர்மானமும், மாதாமாதம் வங்கி வழியே பட்டுவாடாவும், டிடிஎஸ் பிடித்தமும் வேண்டும். மார்ச் மாதத்தில் உட்கார்ந்து பின்தேதியிட்டு எழுதுவது சம்பளம் ஆகாது. வேலை பார்க்காத மனைவி பெயரில் போட்ட சம்பளத்தை 40ஏ(2) பிரிவில் வரி அதிகாரி அதிகப்படி என்று வெட்டலாம். கணவருக்குக் கம்பெனியில் 20% வாக்குரிமை இருந்தால், மனைவியின் தொழில்நுட்பத் தகுதியாலோ தொழிற்கல்வித் தகுதியாலோ ஈட்டியது அல்லாத சம்பளம் கணவரின் வருமானத்தோடு சேரும். கணக்குப் படித்தவரோ எந்திரவியல் படித்தவரோ ஆன மனைவி தன் படிப்பைக் கொண்டு ஆலையை நடத்தினால் அந்தத் தடை இல்லை.

கைமாற்று என்னும் ஆபத்து

மகள் கல்யாணத்துக்கோ மனை வாங்கவோ கம்பெனிக் கணக்கிலிருந்து எடுத்து, "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்பது வழக்கமான பேச்சு. 10% வாக்குரிமை உள்ள பங்குதாரருக்கு பிரைவேட் கம்பெனி கொடுக்கும் கடன், அதன் திரண்ட லாபத்தின் அளவுக்கு, 2(22)(இ) பிரிவின்படி ஈவுத்தொகையாகவே கருதப்படும். ஆண்டு முடிவதற்குள் கடனைத் திருப்பிக் கட்டினாலும் வரி போகாது என்று தருலதா ஷ்யாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன பி. சாரதா வழக்கிலும் அதே நிலைப்பாடுதான்: பணம் எடுத்த அந்த நேரத்திலேயே அது ஈவுத்தொகை ஆகிவிட்டது, பின்னால் கணக்கில் செய்த ஈடு அதை மாற்றாது. இயக்குநர்களுக்குக் கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் கம்பெனிச் சட்டத்தின் 185-ஆம் பிரிவிலிருந்து சில பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு என்பதைக் காட்டியும் இதிலிருந்து தப்ப முடியாது.

எதிர்த்திசையில், இயக்குநர் கம்பெனிக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்குவதும், தம் பெயரிலுள்ள கிடங்கை வாடகைக்கு விடுவதும் நேர்மையான வழிகள். வாடகைக்கு 30% நிலையான கழிவும் உண்டு. கடன் கொடுப்பவர் அது தாம் வேறிடத்தில் வாங்கிய கடன் அல்ல என்று எழுதித் தர வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது.

நிலமும் கம்பெனியும்

நிலமுள்ள குடும்பங்களுக்கு இது முக்கியம். இயக்குநர் தம் வயலில் விளைந்த நெல்லையோ மரவள்ளியையோ தம் கம்பெனிக்கே விற்றால், அவருக்கு அது வரியில்லா விவசாய வருமானம், கம்பெனிக்குக் கொள்முதல் செலவு. விலை மட்டும் சந்தை விலையாக இருக்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு நேரடி வரி இல்லையென்றாலும், மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிட அது சேர்த்துக்கொள்ளப்படும். நிலத்தைக் கம்பெனி பெயருக்கு மாற்றுவதில் பலன் குறைவு. கம்பெனிக்கு வரும் விவசாய வருமானம் வரியற்றதாக இருந்தாலும், அது ஈவுத்தொகையாக வெளியே வரும்போது அந்தத் தன்மையை இழக்கிறது. தேயிலைக் கம்பெனிப் பங்குகள் பற்றிய பச்சா குஸ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-ல் இதைத் தெளிவாக்கியது.

இயக்குநரின் சொந்தப் பொறுப்பு

பிரைவேட் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாத வருமான வரி பாக்கிக்கு, அந்த ஆண்டில் இயக்குநராக இருந்த ஒவ்வொருவரும் 179-ஆம் பிரிவின்படி பொறுப்பு. தம்முடைய பெருங்கவனக்குறைவோ கடமை தவறலோ காரணமல்ல என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். கையெழுத்துக்காகப் பெயர் சேர்க்கப்பட்ட அம்மாவும் இதில் அடக்கம். விலகும்போது கம்பெனி டிஐஆர்-12 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். விலகுபவர் தாமும் டிஐஆர்-11 தாக்கல் செய்துகொள்ளலாம். விலகும் நாளுக்கு முந்தைய ஆண்டுகளின் பாக்கி அதனால் நீங்கிவிடாது.