செராம்பூரின் பரந்த பாடத்திட்டம்

திருப்பணிக்கு ஆயத்தமாகும் மாணாக்கர் திருமறையோடு பிற கலைகளையும் கற்கவேண்டுமோ என்னும் வினா நம் இறையியல் கல்லூரிகளில் அடிக்கடி எழுகின்றது. இவ்வினா புதியதன்று. செராம்பூர்க் கல்லூரியின் தொடக்க வரலாற்றிலேயே இது எழுந்ததை நாம் காண்கிறோம்.

வில்லியம் கேரி, யோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1818இல், அன்று டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூரில் இக்கல்லூரியை நிறுவினர். கிறிஸ்தவ இளைஞரோடு பிற சமயத்தாரும் கீழ்நாட்டு இலக்கியத்தையும் மேனாட்டு அறிவியலையும் கற்பதே அவர்தம் நோக்கம். முதலில் சேர்ந்த 37 மாணாக்கருள் இந்துக்களும் இருந்தனர். கேரி போன்ற பாப்திஸ்துகளுக்கு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பட்டமளிக்க மறுத்த காலம் அது. செருப்புத் தைக்கும் தொழில் பயின்று, பல்கலைக்கழகம் காணாது வளர்ந்த கேரியின் கல்லூரியோ, சாதியும் நிறமும் நாடும் எவருக்கும் தடையாகா என விதி வகுத்தது.

பாடங்கள் பலவாயிருந்தன. வங்கமொழியும் வடமொழியும் கல்விக்கு அடிப்படையாயின. நாட்டு மக்களின் சமயநூல்களை அறியாத போதகர் அவர்களோடு உரையாட இயலாது என்பதே வடமொழிக்கு இடமளித்த காரணம். இறையியல் போதித்த கேரியே தாவரவியலும் விலங்கியலும் கற்பித்தார். அவர் பேணிய தாவரத் தோட்டம் அப்பாடத்திற்குக் கண்கூடான துணையாயிற்று. 1821இல் வந்து சேர்ந்த ஜான் மாக் வேதியியல் கற்பித்தார். வங்கமொழியிலும் ஆங்கிலத்திலும் அவர் இயற்றிய வேதியியல் நூல் 1834இல் அச்சேறிற்று. நூல்நிலையமும் அச்சகமும் அருகிலேயே இருந்தன.

இவ்விரிவை எல்லாரும் வரவேற்கவில்லை. 1820, 1821ஆம் ஆண்டுகளில் வார்டு அமெரிக்காவிற் சென்று கல்லூரிக்கு நிதி திரட்டினார். அந்நிதியை இறையியல் கல்விக்கன்றி அறிவியல் கற்பிக்கச் செலவிடலாகாது என ஆங்குள்ளோர் வரையறை செய்தனர். கேரி இதனை மிகக் குறுகிய மனப்பான்மை எனக் கண்டித்தார். அமெரிக்காவில் போதகரை அறிவியலறிவின்றியா பயிற்றுவிக்கிறீர்கள் என்று அவர் வினவினார். தம் நாட்டு ஊழியருக்கு வேண்டியதை இந்திய ஊழியருக்கு மிகையெனக் கருதியதையே அவ்வினா சுட்டிற்று என்பது நம் கருத்து.

1827இல் டென்மார்க் அரசர் 6ஆம் பிரடெரிக் பட்டமளிக்கும் உரிமையைக் கல்லூரிக்கு வழங்கினார். எனினும் வார்டு 1823இலும், கேரி 1834இலும், மார்ஷ்மன் 1837இலும் மறைந்தனர். 1830ஐ அடுத்த ஆண்டுகளில் கல்கத்தா வாணிக நிறுவனங்கள் பல வீழ்ந்தமையால் பொருளிழப்பும் நேர்ந்தது. செராம்பூர் 1845இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதும் அப்பட்டயம் காக்கப்பட்டது. ஆயினும் முதல் இறையியல் பட்டங்கள் 1915இல்தான் வழங்கப்பெற்றன. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக அவ்வுரிமை பிற கல்லூரிகளுக்கும் பயன்படலாயிற்று. தமிழகத்து இறையியல் கல்லூரிகள் பல இன்றும் அப்பட்டங்களுக்கே மாணாக்கரை ஆயத்தம் செய்கின்றன.

பட்டத்தைப் பெற்றுக்கொண்ட நாம், அதன் பின்னிருந்த கல்விநோக்கையும் பெற்றுக்கொண்டோமா? நம் சபையார் மருத்துவமனையிலும் வயலிலும் ஆய்வுக்கூடத்திலும் உழைக்கின்றனர். அயலார் தம் சமயநூல்களை ஓதுகின்றனர். இவற்றை அறியாத ஆயர் அவர்களுக்கு எவ்வாறு மறுமொழி கூறுவார்? நேரமில்லை எனக் கூறி ஒரு பாடத்தைக் கைவிடுமுன், கேரி அமெரிக்கரிடம் கேட்ட வினாவை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்வது தகும்.