பெற்றோருக்கான பள்ளி அறிவிப்புகள்: டோல்கேட் எல்லையிலிருந்து ஒரு வரலாறு

பள்ளியோ, பள்ளியை நடத்தும் உள்ளாட்சியோ, அரசோ பெற்றோருக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய செய்திகளைப் பள்ளி அறிவிப்புகள் என்கிறோம். சேர்க்கை நாள், கட்டணம், மாணவரின் வருகையும் கற்றல் நிலையும், பெற்றோரின் உரிமைகள், பள்ளிக் கட்டடத்தின் பாதுகாப்பு ஆகியவை இவற்றில் அடங்கும். சில நாடுகளில் இவற்றை ஒவ்வொரு கல்வியாண்டிலும் குடும்பங்களுக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழ்நாட்டில் இதன் வரலாறு வேறு வழியில் சென்றது. நூறாண்டுகளுக்கு முன் கட்டாயக் கல்விச் சட்டம் பெற்றோரின் கடமையைப் பெற்றோருக்கு அறிவித்தது. இன்றைய சட்டம் அரசின் கடமையைப் பெற்றோருக்கு அறிவிக்கச் சொல்கிறது. இந்த மாற்றத்தையும் அதில் இன்னும் நிரம்பாத இடத்தையும் வடசென்னையின் டோல்கேட் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

டோல்கேட்: எல்லையும் பள்ளிகளும்

தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் சந்திக்கும் இடம் டோல்கேட். சுங்கம் வசூலிக்கும் வாயில் என்பது அப்பெயரின் பொருள். பழைய சென்னை மாநகராட்சியின் வட எல்லை இங்கேதான் முடிந்தது. அதற்கு அப்பால் இருந்த திருவொற்றியூர் முதலில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் பின்னர் திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்கிய தனி நகராட்சி. 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. திருவொற்றியூர் வட்டம் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது 2018இல்.

எல்லை நகர்ந்த வேகத்தில் பள்ளிகள் நகரவில்லை. மாநகராட்சியுடன் புதிதாக இணைந்த பகுதிகளின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் நீண்ட காலம் பள்ளிக் கல்வித் துறையிடமே இருந்தன. பத்தாண்டுக்குப் பிறகே அவற்றில் 139 பள்ளிகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. அதுவரை குடிநீருக்கும் குப்பைக்கும் மாநகராட்சியிடம் சென்ற திருவொற்றியூர்க் குடும்பம், பிள்ளையின் அரசுப் பள்ளி தொடர்பான குறைக்கு வேறு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. அறிவிப்பின் வரலாற்றில் இது முக்கியமான செய்தி. யார் அறிவிக்க வேண்டும் என்பது தெளிவாக இல்லாத இடத்தில் அறிவிப்பு எளிதில் விடுபட்டுவிடும்.

பெற்றோரின் கடமையை அறிவித்த காலம்

கட்டாயக் கல்வி என்ற எண்ணம் இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியே இந்தியத் தலைவர்களின் கவனத்துக்கு வந்தது. அச்சட்டத்தின்படி உருவான பள்ளிக் குழுக்கள் வருகை அலுவலர்களை அமர்த்தின. பிள்ளையை அனுப்பாத வீட்டின் கதவை அவர்கள் தட்டினர். முதலில் அறிவிப்பு வரும், பிறகு தண்டம் விதிக்கப்படும். இந்தியாவில் பரோடா அரசர் மூன்றாம் சாயாஜிராவ் 1893இல் அம்ரேலி பகுதியில் கட்டாயக் கல்வியைச் சோதித்துப் பார்த்து, 1906இல் தம் அரசு முழுவதற்கும் விரிவாக்கினார்.

இந்த முன்மாதிரிகளைக் காட்டி 1911 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே மத்திய சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு 13க்கு 38 என்ற வாக்குக் கணக்கில் அது தோற்றது. ஆனாலும் பின்னர் மாகாணங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின. சென்னை மாகாணத்தில் 1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. மாவட்டக் கல்விக் குழுக்களை அமைக்கவும், கல்வி வரி விதிக்கவும், விரும்பும் உள்ளாட்சிகள் அரசின் ஒப்புதலோடு கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் அது வழிசெய்தது. கட்டாயம் நடைமுறைக்கு வந்த இடத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பாதுகாவலரின் கடமை. எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் அது வரவில்லை. உள்ளாட்சி முன்வந்த இடத்தில் மட்டுமே வந்தது. ஆகவே நகர எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்த இரு குடும்பங்களுக்கு ஒரே சட்டம் இருவேறு விதமாகப் பொருந்தக்கூடிய நிலை இருந்தது.

அணாக் கணக்கில் வந்த பதில்

அறிவிப்பு மட்டும் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவராது என்பதைச் சென்னை மாநகராட்சி அதே 1920இல் உணர்ந்திருந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், 1920 செப்டம்பர் 16 அன்று மன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் உணவு வழங்கலாம் என்பது அத்தீர்மானம். பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது விரிந்தது. அந்தப் பள்ளிகளில் சேர்க்கை கூடியது.

1925இல் இத்திட்டம் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு அனுமதிக்கவில்லை என்பதே காரணம். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அது மீண்டும் தொடங்கியது. கல்விக்கென வரி திரட்ட வழிசெய்த அரசு, அந்தப் பணத்தில் பசித்த பிள்ளைக்குச் சோறு போட முடியாது என்றது. கடமை முழுவதும் பெற்றோர் பக்கமே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தியாகராயர் பெயரைத் தாங்கிய கல்லூரியை ஒட்டிய மெட்ரோ நிலையத்திலிருந்து வடக்கே மூன்றாவது நிறுத்தம்தான் இன்றைய டோல்கேட் நிலையம். 2021 பிப்ரவரியில் திறந்த ஒரே தடத்தில் இரண்டும் உள்ளன.

திசை மாறியது

விடுதலைக்குப் பிறகும் பழைய நோக்கு உடனே மறையவில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமும் பிள்ளையை அனுப்பும் பொறுப்பைப் பெற்றோரிடமே வலியுறுத்தியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, உன்னி கிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாகக் கண்டிருந்தது. 2002இல் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 21அ பிரிவைச் சேர்த்தது. அதன் தொடர்ச்சியாக 2009இல் இயற்றிய இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தில் பெற்றோரின் கடமை 10ஆம் பிரிவில் ஒரே வரியில் இருக்கிறது. அதை மீறினால் தண்டனை எதுவும் இல்லை. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் பள்ளிக்கும் உரிய கடமைகளோ பல பிரிவுகளில் விரிகின்றன. கட்டாயம் என்ற சொல்லின் பொருள், பெற்றோரைக் கட்டாயப்படுத்துவது என்பதிலிருந்து அரசு கட்டாயம் வழங்குவது என்று மாறியது.

இன்று பெற்றோர் அறிய உரிமையுள்ளவை

இன்றைய சட்டங்களின்படி ஒரு குடும்பத்துக்குத் தெரியவர வேண்டியவை சில:

முதலாவது, பிள்ளையின் நிலை. ஆசிரியர் பெற்றோரை ஒழுங்காகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து வாங்குவதோடு இக்கடமை முடிவதில்லை.

இரண்டாவது, பள்ளி நிர்வாகம். 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன.

மூன்றாவது, சேர்க்கை. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு உரியவை. இதற்கான அறிவிப்பு ஆண்டுதோறும் கோடையில் வருவது வழக்கம். 2025–26 கல்வியாண்டில், ஒன்றிய அரசின் நிதி தொடர்பான சிக்கலால் அது உரிய காலத்தில் வரவில்லை. சேர்க்கைப் பணி அக்டோபரில்தான் தொடங்கியது. அறிவிப்பு தாமதமானால் உரிமையும் தாமதமாகிறது. அதற்குள் பல பிள்ளைகள் எங்காவது சேர்ந்துவிட்டிருப்பார்கள்.

நான்காவது, அலுவலகத் தகவல்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் பணிகள், அலுவலர், வரவு செலவு முதலியவற்றைத் தானே வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. உள்ளூர் மொழியையும், அப்பகுதியில் செய்தி சென்றடையும் சிறந்த வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. பெற்றோர் மனு போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிற நாட்டு வழக்கம்

அமெரிக்காவில் பொதுப் பள்ளி மாவட்டங்கள் கல்வியாண்டுத் தொடக்கத்தில் இத்தகைய அறிவிப்புகளைத் தொகுத்துக் குடும்பங்களுக்கு அனுப்புகின்றன. பிள்ளையின் பதிவேடுகளைப் பார்க்கப் பெற்றோருக்கு உள்ள உரிமையை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1974ஆம் ஆண்டின் ஒரு கூட்டாட்சிச் சட்டம். பள்ளிக் கட்டடங்களில் கல்நார் இருக்கிறதா என்று ஆய்ந்து, அதற்கான மேலாண்மைத் திட்டத்தைப் பெற்றோர் எங்கே பார்க்கலாம் என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1986ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம். இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று. ஆபத்து நேர்ந்த பிறகு வரும் செய்தி அல்ல இது. எதுவும் நேராத ஆண்டிலும் அந்தக் கடிதம் வந்தாக வேண்டும்.

தொழிற்பகுதியின் நிரம்பாத இடம்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், உர, வேதித் தொழிற்சாலைகள், மின் நிலையங்கள் ஆகியவற்றுக்கு இடையேதான் பள்ளிகள் உள்ளன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உரத் தொழிற்சாலை ஒன்றுக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் இருட்டில் வீட்டை விட்டு வெளியேறினர். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளி மாணவர்கள் மூச்சுத் திணறலுக்கு ஆளாயினர். பள்ளி மீண்டும் திறந்த நவம்பர் 4 அன்றும் சிலருக்கு உடல்நலம் குன்றியது. பெற்றோர் பள்ளி வாசலில் திரண்டு கேட்டது ஒன்றுதான்: என்ன நடந்தது?

அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் தரும் சட்டங்கள் நம்மிடம் உள்ளன. போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41ஆ பிரிவு சேர்ந்தது. ஆபத்தான தொழில் நடத்துவோர் அதன் அபாயங்களைத் தொழிலாளருக்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது அது. 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகளும், பெரும் விபத்தால் பாதிப்படையக்கூடிய மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும், அப்போது செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை எவை என்பதையும் சொல்லிவைக்கப் பணிக்கின்றன.

ஆனால் தொழிற்சாலை பற்றிய சட்டம் ஒரு துறையில் இருக்கிறது. பள்ளி பற்றிய சட்டம் வேறு துறையில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. பள்ளியைச் சுற்றியுள்ள ஆலைகளைப் பற்றி ஆண்டுதோறும் பெற்றோருக்குத் தெரிவிக்கும் கடமை அதில் இல்லை. காற்றில் வாடை வந்தால் சன்னலைச் சாத்துவதா, பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்வதா, பெற்றோர் எங்கே வந்து பிள்ளையைப் பெறுவது என்ற எளிய செய்திகள் ஜூன் மாதத்தில் ஒரு தாளில் அச்சாகிப் புத்தகப் பையில் வீடு வந்து சேரலாம். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. தொழிற்சாலை உள்ளாட்சிக்குத் தர வேண்டிய தகவலை, பள்ளிகளை நடத்தும் அதே உள்ளாட்சி பெற்றோருக்குத் தந்தால் போதும்.

எந்த மொழியில், எந்த வழியில்

அறிவிப்பு சென்றடையும் வழியும் மாறிவந்திருக்கிறது. ஊர்களில் நெடுங்காலம் தண்டோரா போட்டே செய்தி சொல்லப்பட்டது. அவ்வேலை குறிப்பிட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்த நிலையில், ஒலிபெருக்கியைப் பயன்படுத்தித் தண்டோரா முறையைக் கைவிடுமாறு 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. இன்று கைப்பேசிச் செய்தி பரவலாகிவிட்டது. எனினும் கடலுக்குச் செல்லும் குடும்பம், இரவுப் பணி முடித்து வரும் சுமைத் தொழிலாளி, தமிழ் படிக்கத் தெரியாத தெலுங்கு, இந்தி, ஒடியா பேசும் பெற்றோர் என அனைவரும் வாழும் பகுதி இது. ஒரே ஒரு வழியில் அனுப்பும் அறிவிப்பு இவர்களில் சிலரை விட்டுவிடும்.

உரிய செய்தியோ வசதியோ கிடைக்காத பெற்றோர், கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சியிடம் எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் அது முடிவு சொல்ல வேண்டும். டோல்கேட்டின் வடபுறத்திலும் தென்புறத்திலும் இன்று அந்த உள்ளாட்சி ஒன்றே: சென்னை மாநகராட்சி.