வீடா, வண்டியா? பெட்ரோல் மோட்டார்ஹோமின் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

1979 மே மாதம். கலிஃபோர்னியாவின் சான்டியாகோ நகர மையத்தில், வாகன நிறுத்துமிடம் ஒன்றில், 'டாட்ஜ் மினி மோட்டார் ஹோம்' ஒன்று நின்றிருந்தது. சாளரங்களில் திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. போதைப்பொருள் குறித்த ஐயத்தில் அதைக் கண்காணித்துவந்த அதிகாரிகள், நீதிமன்ற ஆணை ஏதுமின்றி உள்ளே ஏறிச் சோதனையிட்டனர். அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தின்படி வீட்டைச் சோதனையிடப் பொதுவாக ஆணை வேண்டும். வாகனத்துக்கோ தக்க முகாந்திரம் இருந்தால் போதும். அப்படியானால் உள்ளே மேசையும் அலமாரியும் குளிர்பதனப் பெட்டியும் கொண்ட அது வீடா, வண்டியா? 'கலிஃபோர்னியா எதிர் கார்னி' என்ற அவ்வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், 6–3 என்ற பெரும்பான்மையில், அது வண்டியே என்றது.

இத்தீர்ப்பைக் காவல்துறை அதிகார வரலாற்றின் ஓர் இயலாக மட்டுமே படிப்பது வழக்கம். ஆனால் 'வீடா, வண்டியா' என்ற கேள்வி நீதிமன்றத்தில் பிறந்ததன்று. பெட்ரோல் எஞ்சினின்மேல் வீட்டை ஏற்றிய நாள்முதல், அதை வாங்கிப் பேணியவர்கள் அனைவரும் அக்கேள்வியோடுதான் வாழ்ந்துவந்தனர். விடையோ, கேட்பவர் யார், உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்தது.

முதலில் ஒரு சொல் விளக்கம். அமெரிக்கர் 'கேஸ்' என்று சுருக்கிச் சொல்வது பெட்ரோலை. மோட்டார்ஹோமில் அடுப்பையும் அறைச் சூட்டையும் தருவது புரொப்பேன் என்னும் எரிவாயு. வண்டியை ஓட்டுவது பெட்ரோல். ஒரே கூரையின்கீழ் இரண்டு எரிபொருள்கள், இரண்டு மின்சுற்றுகள், எஞ்சினுக்கொன்றும் வீட்டுக்கொன்றுமாக இருவகை பேட்டரிகள். இந்த இரட்டைத்தன்மை அதன் கட்டுமானத்திலேயே உள்ளது.

இதன் முன்னோடிகளுள் ஒன்று, 1910இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் 'டூரிங் லாண்டோ'. அதன் பின்னிருக்கை படுக்கையாக விரியும். ஓட்டுநர் இருக்கையின் முதுகிலிருந்து கைகழுவும் தொட்டி மடிந்து இறங்கும். பின்னால் அமர்ந்திருக்கும் முதலாளி ஓட்டுநரிடம் பேச உள்ளேயே தொலைபேசி உண்டு. அந்தத் தொலைபேசி கவனிக்கத்தக்கது. அக்காலத்துச் செல்வர் வீட்டு ஓட்டுநரே எந்திரம் பழுதுபார்ப்பவராகவும் இருந்தார். வண்டி ஒருவருக்கு உடைமை. அதைப் பேணுவது இன்னொருவரின் வேலை.

இவ்விரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தது நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். மிச்சிகனைச் சேர்ந்த ரேமண்ட் ஃபிராங்க் 1958இல் டாட்ஜ் லாரிச் சேஸிஸின்மேல் தம் குடும்பத்துக்கென ஒரு வீட்டைக் கட்டினார். 'மோட்டார் ஹோம்' என்ற பெயர் நிலைபெற்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அதே 1958இல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் ஜான் கே. ஹான்சனின் நிறுவனம் இழுவை வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் வின்னபேகோ எனப் பெயர் பெற்ற அந்நிறுவனம் 1966இல் மோட்டார்ஹோமைத் தொடர் உற்பத்தி முறைக்குக் கொண்டுவந்து, போட்டியாளர்களைவிட மிகக் குறைந்த விலையில் விற்றது. ஊரின் ஓரத்தில் சொந்த வீடும் ஓய்வூதியமும் உடைய நடுத்தர வர்க்கத்தார் அதை வாங்கினர். ஓட்டுநரும் அவர்களே, பழுதுபார்ப்பவரும் அவர்களே.

வின்னபேகோ என்பது அந்த மாவட்டத்தின் பெயர். ஹோ-சங்க் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் பழங்குடி மக்களுக்குப் பிறர் இட்ட பெயரிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அம்மக்கள் விஸ்கான்சினிலிருந்து அயோவாவுக்கும், அங்கிருந்து மினசோட்டாவுக்கும், 1863இல் இன்றைய தெற்கு டகோட்டாவுக்கும், பின் நெப்ராஸ்காவுக்கும் விரட்டப்பட்டனர். வீட்டை இழந்து ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டோரின் பெயர், வீட்டோடு விரும்பிய இடம் செல்லும் வண்டியின் பெயராயிற்று.

வாங்கியவர் விரைவில் கண்ட உண்மை ஒன்று உண்டு. வீடும் வண்டியும் ஒரே வேகத்தில் மூப்பதில்லை. வண்டி ஓட்டத்தால் தேயும். மோட்டார்ஹோமோ பெரும்பாலும் நிற்பதால் கெடும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் கார்புரெட்டரில் பிசின்போலப் படியும். டயர்கள் தேய்வதற்கு முன்பே வெயிலிலும் வயதிலும் பக்கவாட்டில் வெடிப்பு விடும். ஜெனரேட்டரை மாதத்துக்கு ஒருமுறையேனும் சுமையேற்றி ஓட்டாவிட்டால் தேவைப்படும் நாளில் அது கிளம்பாது. கூரை இணைப்புகளில் பூசிய பசை காய்ந்து விரிசல்விட்டால், மழைநீர் சுவருக்குள் இறங்கி மரச்சட்டங்களை மக்கச் செய்யும்; வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அயோவா போன்ற இடங்களில் குளிர்காலத்துக்கு முன் குழாய்களின் நீரை வடித்து உறைதடுப்பு நீர்மத்தை நிரப்ப வேண்டும். இல்லையேல் நீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளந்துவிடும்.

ஓடும்போது வேறு தொல்லைகள். பல மாதிரிகளில் எஞ்சின் இரு முன்னிருக்கைகளுக்கு இடையே ஒரு மூடியின்கீழ் இருந்தது. அதன் வெப்பமும் ஓசையும் வீட்டுக்குள்ளேயே வந்தன. மலையேற்றத்தில் எரிபொருள் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி எஞ்சின் நின்றுபோவது அக்கால ஓட்டுநர்கள் நன்கறிந்த இடர். பின்னாளில் பெட்ரோலில் கலக்கப்பட்ட எத்தனால் ஈரத்தை ஈர்த்தது. பழைய ரப்பர்க் குழாய்களையும் அரித்தது. இத்தனையையும் விடுமுறை நாள்களில் தம் கையாலேயே செய்துகொண்ட உரிமையாளர்கள் அதைச் சுமையாக மட்டும் கருதவில்லை. கைத்திறனின் பெருமிதமாகவும் கொண்டனர். அந்தப் பெருமிதத்துக்கு அடித்தளம் மலிவான பெட்ரோல்.

அந்த அடித்தளம் 1973 அக்டோபரில் ஆட்டம் கண்டது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையைத் தொடர்ந்து, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. நவம்பரில் அதிபர் நிக்சன், சனி இரவு முதல் ஞாயிறு முழுவதும் பெட்ரோல் விற்க வேண்டாமென நிலையங்களைக் கேட்டுக்கொண்டார். 1974 ஜனவரியில் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு சட்டமாயிற்று. வார இறுதிப் பயணத்துக்கென்றே வாங்கிய வண்டிக்கு வார இறுதியில் எரிபொருள் இல்லை.

காலக்கேட்டின் சின்னமாக நிற்பது ஜெனரல் மோட்டார்ஸின் 'ஜி.எம்.சி. மோட்டார்ஹோம்'. பிற நிறுவனங்கள் லாரிச் சேஸிஸின்மேல் பெட்டியைப் பொருத்த, இது முழுமையாகவே மோட்டார்ஹோமாக வடிவமைக்கப்பட்டது. முன்சக்கர இயக்கம், எனவே தாழ்ந்த தளம். பின்னே காற்றுத் தாங்கமைப்பு. அலுமினியமும் கண்ணாடியிழையும் கொண்ட உடல். எஞ்சினோ 7.5 லிட்டர் வி-8. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 3 முதல் 4 கிலோமீட்டர்தான் ஓடும். எண்ணெய்த் தடை வந்த அதே 1973இல் சந்தைக்கு வந்து, 1978இல் ஏறத்தாழ 13,000 வண்டிகளோடு அதன் உற்பத்தி நின்றது. தயாரித்த நிறுவனம் கைவிட்ட பின்னும் உரிமையாளர் சங்கங்கள் உதிரிபாகங்களைத் தேடியும் செய்தும் பழுதுநுட்பங்களைப் பகிர்ந்தும் அவ்வண்டிகளை இன்றுவரை ஓட வைத்துள்ளன.

இந்த வர்க்கத்தாருக்கு அரசு அளித்த விடை 'வீடு' என்பதே. படுக்கை, சமையல், கழிப்பிட வசதிகள் இருந்தால் மோட்டார்ஹோம் வரிச்சட்டத்தின்படி இல்லமாகும். அதை ஈடுவைத்துப் பெற்ற கடனுக்கான வட்டியை, முதல் வீடாகவோ இரண்டாம் வீடாகவோ காட்டி, வரி விதிக்கத்தக்க வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் இச்சலுகைக்குக் கடன் கிடைக்கும் தகுதியும், கழிவுகளைத் தனித்தனியே காட்டும் அளவுக்கு வருமானமும் வேண்டும். இருபதாண்டுப் பழைய வண்டியைக் கையில் இருந்த சில நூறு டாலருக்கு வாங்கி அதிலேயே குடியிருப்பவருக்கு அது எட்டாது.

அப்படிக் குடியிருப்பவர்கள் 2008 நிதி நெருக்கடிக்குப் பின் பொதுப்பார்வைக்கு வந்தனர். அந்த நெருக்கடியில் இவ்வகை வண்டிகளின் உற்பத்தி மையமான இந்தியானாவின் எல்கார்ட் பகுதியில் வேலையின்மை 18 விழுக்காட்டைத் தாண்டியது. மறுபுறம், வீடிழந்தோர் பலருக்குப் பழைய மோட்டார்ஹோமே கடைசிக் கூரையாயிற்று. ஜெஸிகா புரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமேட்லேண்ட்' இந்த முதிய நாடோடித் தொழிலாளர்களைப் பற்றியதே.

இவர்களுக்குப் பராமரிப்பு என்ற சொல்லின் பொருளே வேறு. கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம், 72 மணி நேரத்துக்கு மேல் தெருவில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல நகராட்சிகளுக்கு இடமளிக்கிறது. ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை எஞ்சின் கிளம்பியாக வேண்டும். எரிபொருள் பம்பு பழுதானால் ஓய்வூதியருக்குப் போவது ஒரு விடுமுறை; தெருவில் வாழ்பவருக்குப் போவது வீடு. வாகனத்தில் வசிப்பதைத் தடைசெய்த லாஸ் ஏஞ்சலஸின் விதியைத் தெளிவற்றது எனக் கூறி 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. நகரம் பின்னர் தெருவாரியாகவும் நேரவாரியாகவும் வரையறுத்துப் புதிய விதி செய்துகொண்டது.

இப்பின்னணியில் கார்னி தீர்ப்பை மீண்டும் படிக்க வேண்டும். நீதிமன்றம் சொன்ன காரணங்கள் இரண்டு: மோட்டார்ஹோம் நொடியில் நகர்ந்துவிடக் கூடியது, சாலை வாகனங்கள் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவையாதலால் அவற்றில் அந்தரங்கத்துக்கான எதிர்பார்ப்பு குறைவு. ஓர் அடிக்குறிப்பில் மட்டும் ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. சக்கரங்கள் நீங்கிக் கட்டைகளின்மேல் ஏற்றப்பட்டதா, மின்சாரம் போன்ற இணைப்புகள் உண்டா, பொதுச்சாலைக்கு எளிதில் செல்ல முடியுமா என்பனவற்றைப் பொறுத்து, அத்தகைய வண்டி வீடாகக் கருதப்படுமா என்ற கேள்வியை முடிவு செய்யாமல் விட்டது. மூன்று நீதிபதிகளின் மாறுபட்ட கருத்தை எழுதிய ஸ்டீவன்ஸ், வசிப்பதற்கென அமைந்த வண்டிக்கு வீட்டுக்கு நிகரான காப்பு வேண்டும் என்றார்.

அந்த அடிக்குறிப்பையும் 72 மணி நேர விதியையும் அருகருகே வைத்தால் சிக்கல் விளங்கும். எஞ்சினைப் பழுதின்றி வைத்திருப்பவரின் இல்லம், ஓடக் கூடியது என்ற ஒரே காரணத்தால், ஆணையின்றிச் சோதனையிடத்தக்க வண்டியாகிறது. எஞ்சின் பழுதாகி அசையாமல் நின்றால் வீட்டுக்குரிய காப்பைக் கோர வழி பிறக்கலாம். ஆனால் நிற்கச் சொந்த நிலம் வேண்டும். நிலமில்லாதவரின் வண்டியைத் தேடி நான்காம் நாள் இழுவை லாரி வந்துவிடும்.