செஸ்னா ஸ்கைமாஸ்டர்

செஸ்னா ஸ்கைமாஸ்டர் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டா நகரின் செஸ்னா நிறுவனம் 1963 முதல் 1980-களின் தொடக்கம் வரை தயாரித்த இரட்டை எஞ்சின் சிறு விமானம். இதன் எஞ்சின்கள் இறக்கைக்கு ஒன்றாக அமையாமல், மூக்கில் ஒன்றும் பயணிகள் அறைக்குப் பின்னால் ஒன்றுமாக ஒரே கோட்டில் அமைந்தவை. முன் விசிறி இழுக்கும், பின் விசிறி தள்ளும். பின் விசிறி சுழல இடம்விட்டு, இறக்கைகளிலிருந்து இரண்டு மெலிந்த தண்டுகள் பின்னே நீண்டு வாலைத் தாங்குகின்றன. இழு-தள்ளு வகையில் ஆயிரக்கணக்கில் விற்ற விமானம் இது ஒன்றுதான்.

முன்னோடிகள்

எஞ்சின்களை முன்னும் பின்னுமாக வைக்கும் எண்ணம் முதல் உலகப் போர்க் காலத்திலேயே இருந்தது. அன்றைய எஞ்சின்கள் வலுக் குறைந்தவை. ஒன்று போதாது, இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினால் காற்றுத்தடை ஏறிவிடும். ஜெர்மனியின் சீமென்ஸ்-ஷுக்கெர்ட் நிறுவனம் 1917-இல் முன்னொன்று பின்னொன்றாக எஞ்சின் பொருத்தி, மூன்றடுக்கு இறக்கை கொண்ட சண்டை விமானம் ஒன்றைக் கட்டியது. முதல் பறப்பிலேயே அது விழுந்து நொறுங்க, திட்டம் கைவிடப்பட்டது.

இந்த அமைப்பை ஆயுள் முழுதும் விடாமல் பிடித்திருந்தவர் கிளாடியஸ் டோர்னியர். 1922-இல் பறந்த அவருடைய ‘வால்’ (ஜெர்மன் மொழியில் திமிங்கிலம்) என்னும் பறக்கும் படகில், இறக்கைக்கு மேலே இரு எஞ்சின்கள் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தன. நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் 1925-இல் இவ்வகை விமானங்கள் இரண்டில் வட துருவம் நோக்கிப் புறப்பட்டு, துருவத்தை எட்டாமல் பனிப்பரப்பில் இறங்கினார். மூன்று வாரத்துக்கும் மேலாகப் பனியை வெட்டி, மிதித்து ஓடுபாதை ஆக்கி, ஆறு பேரும் ஒரே விமானத்தில் திரும்பினர்.

டோர்னியரின் உச்சம் 1943 அக்டோபரில் பறந்த டோ-335 போர் விமானம். நடுவில் இருந்த இரண்டாம் எஞ்சின் நீண்ட தண்டு ஒன்றின் வழியாக வால் நுனி விசிறியைச் சுழற்றியது. மணிக்கு 760 கிலோமீட்டர் வரை எட்டிய இது, பிஸ்டன் எஞ்சின் போர் விமானங்களில் மிக வேகமானவற்றுள் ஒன்று. விமானி குதித்துத் தப்பும்போது பின் விசிறியில் சிக்காதிருக்க, விசிறியையும் மேல் வால் தகட்டையும் வெடித்துக் கழற்றிவிடும் ஆணிகள் இருந்தன. கூடவே, இருக்கையோடு விமானியை வெளியே தள்ளும் பொறியும் இருந்தது. போர் முடிந்தபோது கட்டி முடித்தவை நாற்பதை எட்டவில்லை.

ஆயினும் ஸ்கைமாஸ்டரின் நேரடி மூதாதை என்று சொல்லத்தக்கது 1939-இல் நெதர்லாந்தில் பறந்த ஃபோக்கர் டி-23. இரட்டை வால் தண்டு, முன்பின் எஞ்சின் என்று தோற்றமே அதுதான். பின் எஞ்சின் அளவுமீறிச் சூடேறும் தொல்லையும் அதிலேயே தொடங்கிவிட்டது.

உருவாக்கம்

வழக்கமான இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு பக்க எஞ்சின் நின்றுபோனால், ஓடுகிற எஞ்சின் விமானத்தை மறுபக்கமாகத் திருப்பிப் புரட்டப் பார்க்கும். விமானி உடனே எதிர்ச்சுக்கானை அழுத்தி, நின்ற விசிறியின் இதழ்களைக் காற்றின் திசைக்குத் திருப்பிவிட வேண்டும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் சுக்கானும் கைகொடுக்காது. மேலெழும் நேரத்தில் இப்படி நேர்ந்து உயிரிழந்தவர்கள் பலர். எஞ்சின்கள் நடுக்கோட்டில் இருந்தால் இந்த இழுப்பே கிடையாது. வாரக் கடைசியில் மட்டும் பறக்கும் சொந்தக்காரர்களுக்கு இதை விற்கலாம் என்பது செஸ்னாவின் கணக்கு.

முதல் மாதிரி 1961 பிப்ரவரி 18 அன்று பறந்தது. 1963-இல் விற்பனைக்கு வந்த 336 என்னும் வகையில் சக்கரங்கள் மடங்காமல் தொங்கிக்கொண்டே இருந்தன. இரண்டு எஞ்சினுக்குப் பணம் கொடுப்பவர் இதை ஏற்பாரா? 195 விமானங்களோடு அது நின்றது. 1965-இல் வந்த 337, சக்கரங்கள் உள்ளே மடங்குவது. பின் எஞ்சினுக்குக் குளிர்காற்று கொண்டுவர முதுகில் ஒரு காற்றுவாயும் வைத்தது. பின்னர் டர்போ எஞ்சின் வகையும், உயரத்தில் பறப்பதற்காகக் காற்றழுத்தம் காக்கும் அறை கொண்ட வகையும் சேர்ந்தன. பிரான்சின் ரெய்ம்ஸ் நிறுவனமும் உரிமம் பெற்றுத் தயாரித்தது. எல்லா வகைகளும் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டிய விமானங்கள் வெளிவந்தன.

பறக்கும் திறன்

சாதாரண 337-இல் 210 குதிரைத்திறன் கொண்ட காண்டினென்டல் எஞ்சின்கள் இரண்டு உண்டு. இறக்கை வீச்சு 11.6 மீட்டர், உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். பின் எஞ்சின் மட்டும் ஓடும்போது ஏறும் வேகம், முன் எஞ்சின் மட்டும் ஓடும்போது ஏறுவதைவிட அதிகம். பின் விசிறி உடலின் பின்பகுதிக் காற்றை ஒழுங்காக இழுத்துக்கொண்டு தடையைக் குறைப்பதே காரணம்.

அந்தப் பயனுள்ள எஞ்சின்தான் விமானியின் கண்ணுக்குப் படாதது. வெயில் நாளில் தரையில் உருட்டிச் செல்லும்போது அது சூடேறி நின்றுவிடலாம்; முன் எஞ்சினின் இரைச்சலில் அது தெரியாது; விமானம் எந்தப் பக்கமும் இழுக்காததால் காலுக்கும் தெரியாது. ஒற்றை எஞ்சினில் ஓடத் தொடங்கி, ஓடுபாதை தீர்ந்து விபத்துக்குள்ளானவை உண்டு. அமெரிக்க விமானத் துறை 1977-இல், ஒற்றை எஞ்சினில் மேலெழத் தொடங்காதே என்ற பலகையை விமானி அறையில் ஒட்ட உத்தரவிட்டது. அனுபவசாலிகள் பின் எஞ்சினின் விசைப்பிடியை முதலில் தள்ளி, மானிகளின் முட்கள் ஏறுவதைப் பார்த்த பிறகே முன் எஞ்சினுக்கு விசை கொடுப்பார்கள். இதை வைத்து ஸ்கைமாஸ்டரை ஆபத்தான விமானம் என்று சொல்வது நியாயமன்று. மானியைப் பார்க்காத விமானிக்கு எந்த விமானமும் ஆபத்தானதே.

சக்கரம் மடக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மடங்கும் நேரத்தில் வயிற்றுக் கதவுகள் திறந்து காற்றுத்தடையைக் கூட்டும். ஆகவே மேலெழும்போது எஞ்சின் ஒன்று நின்றால், தடைகளைத் தாண்டும்வரை சக்கரங்களை மடக்காமல் விடுவதே முறை.

படைப் பணி

வியட்நாம் போரில் அமெரிக்க விமானப்படை 1967 முதல் இதை ஓ-2 என்ற பெயரில் பயன்படுத்தியது. ஓ-2ஏ, காட்டு மேல் தாழப் பறந்து புகை ராக்கெட் வீசி, ஜெட் விமானங்களுக்கு இலக்கைக் காட்டியது. ஓ-2பி ஒலிபெருக்கியும் துண்டறிக்கையுமாகப் பிரச்சாரம் செய்தது. 178 விமானங்கள் அங்கே அழிந்தன. ரொடீசியா இதை ‘லிங்ஸ்’ என்ற பெயரில் ஆயுதம் பூட்டிப் பறக்கவிட்டது. இலங்கை விமானப்படையிலும் ஸ்கைமாஸ்டர்கள் இருந்தன.

1996 பிப்ரவரி 24 அன்று, கியூபா அகதிகளைக் கடலில் தேடும் மயாமிக் குழு ஒன்றின் இரண்டு ஸ்கைமாஸ்டர்களைக் கியூபாவின் மிக் விமானம் சர்வதேச வான்வெளியில் சுட்டு வீழ்த்தியது. நால்வர் மாண்டனர்.

பிற்காலம்

பழைய ஸ்கைமாஸ்டர்கள் பல நாடுகளில் இன்றும் பறக்கின்றன. 2019-இல் அமெரிக்காவின் ஆம்பேர் நிறுவனம் ஒரு ஸ்கைமாஸ்டரின் இரு எஞ்சின்களில் ஒன்றை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்திப் பறக்கவிட்டது. அமெரிக்காவில் இரட்டை எஞ்சின் தேர்வை ஸ்கைமாஸ்டரில் மட்டும் பறந்து தேறியவரின் உரிமத்தில், நடுக்கோட்டு எஞ்சின் விமானங்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு இன்றும் குறிக்கப்படுகிறது.